சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு பாடசாலை
பழைய கணனிகளை உயிர்ப்பிக்கும் பொறிகளும், அவற்றின் கைந்நூலைத் திருத்துவோரும்

சாதாரணமானதொரு சப்பாத்துப் பெட்டி. அதனுள்ளே 37 நெகிழ்வட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் நீலப் பேனையால் எழுதிய சிறு துண்டு ஒட்டப்பட்டிருந்தது. 'ஆண்டு விழா மலர் 94', 'வாணி விழா', 'பிள்ளைகள் கட்டுரை', 'பெற்றோர் விபரம்', 'எழுத்து' என்றவாறாக அழகிய கையெழுத்து. ஜேர்மனியின் நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்திலுள்ள நகரமொன்றிலே, 1990களின் தொடக்கத்தில் எம்மவர்கள் கூடி ஆரம்பித்த தமிழ்ப் பாடசாலையின் முதல் ஏழு ஆண்டுகாலப் பதிவு முழுவதும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருந்தது.

அவற்றைத் தட்டச்சுச் செய்து, பக்கம் அமைத்து, அச்சகத்திற்குக் கொண்டு சென்றவர் அப்பாடசாலையின் முதல் ஆசிரியர்களில் ஒருவர். அவர் இன்று எம்மிடையே இல்லை. அச்சிட்ட மலர்களின் எஞ்சிய பிரதிகள் நிலக்கீழ் அறையொன்றில் வைக்கப்பட்டிருந்தன. ஒரு மழைக்காலத்தில் அவ்வறைக்குள் வெள்ளம் புகுந்தபோது அவை யாவும் கூழாகிவிட்டன. ஆகவே எஞ்சியிருந்தவை இந்த 37 வட்டுகளே. அவரது துணைவியார் அவற்றை இரண்டு வீடு மாறியபோதும் எறியாது காத்து வைத்திருந்தார்.

2024 ஆம் ஆண்டின் மாரிகாலத்திலே, அப்பாடசாலை நிர்வாகத்தினரின் அழைப்பின் பேரில் நாம் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். எம்முடன் வந்தவர்களில் ஒருவர் அதே பாடசாலையில் தமிழ் பயின்று, தற்போது கணனித் துறையில் தொழிற்கல்வி பெற்றுவரும் இளம்பெண். பெட்டியை அவரது கையில் கொடுத்த அந்த அம்மையார் கேட்டது ஒரே கேள்விதான்.

"பிள்ளை, இது திறக்குமோ?"

"திறக்கப் பாப்பம் மாமி. ஆனா இது வட்டு மட்டும் இருந்தாக் காணாது. அந்தக் காலத்துக் கொம்பியூட்டரும் வேணும்."

இக்கட்டுரை அந்தப் பதிலிலிருந்தே பிறந்தது. அந்தக் காலத்துக் கணனியை எங்கே தேடுவது? அது கிடைக்காதவிடத்து என்ன செய்வது? அதைவிட முக்கியமாக, எப்படிச் செய்வதென்று எழுதி வைத்தவர் யார்? அவர் எழுதியது இன்றும் சரியானதா? இவை பொறியியலாளருக்கு மாத்திரமுரிய வினாக்கள் என நாம் எண்ணியிருந்தோம். அவ்வாறல்ல என்பதை அந்தப் பெட்டி எமக்குக் கற்பித்தது.

வேடம் கட்டும் பொறி

பழைய கணனியொன்றின் நடத்தையை அப்படியே நடித்துக்காட்டும் மென்பொருளை எமுலேற்றர் என்கின்றனர். எமது நாட்டுக் கூத்திலே, பகலில் வயலுழும் ஒருவர் இரவில் முடிதரித்து அரசராக வருவார். சபையோருக்கு அவர் அரசரே. எமுலேற்றரும் அவ்வாறானதே. இன்றைய மடிக்கணனி, 1995 ஆம் ஆண்டின் கணனியாக வேடம் கட்டிக்கொள்கிறது. அதன் மத்திய செயலகம், நினைவகம், திரை, விசைப்பலகை, வட்டுச் செலுத்தி ஆகிய அனைத்தையும் மென்பொருளே நடிக்கிறது. உள்ளே இயங்கும் பழைய விண்டோஸ், தான் உண்மையான பழைய கணனியொன்றிலேயே இருப்பதாக நம்பிக்கொண்டு வேலை செய்கிறது.

கூத்திற்கு அண்ணாவியாரிடம் ஒரு கொப்பி இருக்கும். எந்தப் பாத்திரம் எப்போது வரும், எந்தத் தருவில் பாடும் என்பதெல்லாம் அதிலே எழுதப்பட்டிருக்கும். எமுலேற்றருக்கும் அத்தகைய கொப்பி ஒன்று உண்டு. அதுவே அதன் கைந்நூல். எந்தக் கணனியை நடிக்கவேண்டும், எவ்வளவு நினைவகம் கொடுக்கவேண்டும், எந்த வட்டினைச் செருகவேண்டும் என்பதையெல்லாம் எழுத்திலே கட்டளையாகக் கொடுக்கவேண்டியிருப்பதால், கைந்நூல் இல்லாத எமுலேற்றர் கொப்பியில்லாத கூத்தைப் போன்றதே. நடிகர் இருப்பார், உடுப்பும் இருக்கும், ஆட்டம் மாத்திரம் தொடங்காது.

அகதியாய் அலைந்த கணனி

கைந்நூலின் பெறுமதியை உணர்வதற்கு நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. நாம் வாழும் இந்த ஜேர்மனியின் வரலாறே அதற்குச் சான்று பகர்கின்றது.

கொன்ராட் சூசே என்பவர் 1910 ஆம் ஆண்டு பேர்லினிலே பிறந்த பொறியியலாளர். 1936 முதல் 1938 வரையான காலத்தில், பெற்றோரின் வீட்டிலேயே உலோகத் தகடுகளைக் கொண்டு 'இசட் 1' என்னும் கணிப்பொறியை அவர் அமைத்தார். 1941 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் திகதி, மின்தொடுப்பிகளால் இயங்கும் 'இசட் 3' என்னும் பொறியை பேர்லினில் அறிஞர்களுக்கு இயக்கிக் காட்டினார். கட்டளை நிரலின்படி தானாக இயங்கிய உலகின் முதற் கணனி இதுவே எனப் பலரும் கூறுவர். ஆனால் போர் எவரையும் விட்டுவைப்பதில்லை. 1943 ஆம் ஆண்டின் இறுதியில் பேர்லின் மீது பொழிந்த குண்டுகளில் இசட் 3 அழிந்தது. இசட் 1 இற்கும் அதே கதியே நேர்ந்தது.

எஞ்சியது 'இசட் 4'. 1945 ஆம் ஆண்டு, போர் முடிவுறும் தறுவாயில், சூசே அதனைக் கழற்றிக் கட்டிக்கொண்டு பேர்லினை விட்டு வெளியேறினார். முதலில் கோட்டிங்கன். அங்கிருந்து தெற்கே அல்கொய் மலைப்பகுதி. அங்குள்ள ஹின்டர்ஸ்டைன் என்னும் சிற்றூரிலே அப்பொறி மறைத்து வைக்கப்பட்டது. வீட்டையும் ஊரையும் விட்டு, எடுத்துச் செல்லக்கூடியதை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடிய எமக்கு இக்கதை புதியதன்று. எம்மவர் பலர் சான்றிதழ்க் கட்டினைச் சுமந்து வந்தனர். சூசே ஒரு கணனியைச் சுமந்து சென்றார்.

1950 ஆம் ஆண்டு இசட் 4 சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கு வாடகைக்குச் சென்று, 1955 வரை அங்கே கணித்தது. பின்னர் பிரான்சின் எல்லைப்புற நகரான சென் லூயியிலுள்ள ஆய்வுநிலையத்தில் சில ஆண்டுகள் இருந்தது. இன்று அது மூன்சனிலுள்ள ஜேர்மன் அரும்பொருட் சாலையின் உடைமையாக உள்ளது.

பொறி தப்பியது. ஆயின் அதனை இயக்கும் முறையை விளக்கும் கைந்நூல் காணாமற் போயிற்று. நெடுங்காலமாக அது தொலைந்ததென்றே ஆய்வாளர் கருதியிருந்தனர். 2020 ஆம் ஆண்டிலேதான், சூரிச் பல்கலைக்கழகத்தில் முன்பு விமானக் கட்டமைப்புத் துறையில் பணியாற்றிய ஒருவர் தம்மிடம் வைத்திருந்த பழைய தாள்களிடையே அக்கைந்நூல் இருந்தமை தெரியவந்தது. அதே பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகத்தில் பணியாற்றிய அவரது மகளே அதனை வெளிப்படுத்தினார். கண்ணாடிக்கப்பால் நின்ற மௌனப் பொறி எவ்வாறு பேசிற்று என்பதை, ஒரு குடும்பம் எறியாது வைத்திருந்த தாள்கள் எழுபது ஆண்டுகளின் பின் உலகிற்குக் கூறின.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அழிந்துபோன இசட் 1 ஐ, சூசே தமது முதுமையில், 1986 முதல் 1989 வரை மீண்டும் அமைத்தார். அது பேர்லின் தொழில்நுட்ப அரும்பொருட் சாலையில் இன்றும் உள்ளது. ஆனால் காட்சிக்கு வந்த நாள் தொட்டு அது இயங்கவில்லை. கைவசமிருந்த வரைபடங்கள் ஏராளமாயினும், பொறியின் அமைப்பை முழுமையாக விளக்கும் எழுத்து இருக்கவில்லை. பேர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரவுல் ரோஹாஸ் அவ்வரைபடங்களையும் கடிதங்களையும் குறிப்புப் புத்தகங்களையும் ஆராய்ந்து, 2014 ஆம் ஆண்டிலேயே அதன் முதலாவது விரிவான விளக்கத்தை வெளியிட்டார். சூசே 1995 இல் காலமாகிவிட்டார். அமைத்தவர் உயிரோடிருந்தபோது எழுதப்படாதது, அவர் மறைந்து பத்தொன்பது ஆண்டுகளின் பின்னரே எழுதப்பட்டது.

பொறி இருந்து கைந்நூல் இல்லாவிடின் பொறி ஊமை. கைந்நூல் இருந்தால், பொறி அழிந்தாலும் அதன் வேடத்தையாவது மீண்டும் கட்டிவிடலாம்.

பழுதுபட்ட ஒரு வரி

இனி எமது சப்பாத்துப் பெட்டிக்கு வருவோம்.

முதல் வேலை, வட்டிலுள்ளதை வட்டிலிருந்து வெளியே எடுப்பது. நெகிழ்வட்டு காந்தப் பூச்சில் எழுதப்படுவது. காலம் செல்லச் செல்ல அப்பூச்சு வலுவிழக்கும், ஈரலிப்பினால் பூஞ்சணமும் பிடிக்கும். எனவே ஒவ்வொரு வட்டினையும் ஒருமுறை முழுமையாக வாசித்து, அதன் பிரதிமையை ஒரே கோப்பாகச் சேமித்துவிட வேண்டும். பின்னர் அந்தப் பிரதிமையை மாத்திரமே பாவிக்கவேண்டும். இதற்கென யூ.எஸ்.பி. வழியாகப் பொருத்தும் செலுத்தியொன்றை அந்த இளம்பெண் இரவல் வாங்கி வந்திருந்தார். 37 வட்டுகளில் 31 குறையின்றி வாசிக்கப்பட்டன. ஆறு வட்டுகளில் இடையிடையே வழு.

இரண்டாவது வேலை, அவற்றைத் திறப்பது. மலர்கள் யாவும் 'பேஜ்மேக்கர்' என்னும் பக்கவமைப்பு மென்பொருளிலே செய்யப்பட்டவை. 2001 இல் வெளிவந்த 7.0 ஆவது பதிப்போடு அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றுவிட்டது. இன்றைய கணனிகளில் அது ஒழுங்காக ஓடுவதில்லை. ஆகவே பாடசாலையின் பழைய அலுமாரியிலிருந்த விண்டோஸ் 98 இறுவட்டையும், பேஜ்மேக்கர் இறுவட்டையும் எடுத்துக்கொண்டு, எமுலேற்றரில் அவற்றை நிறுவத் தீர்மானித்தோம்.

தெரிந்தெடுத்த எமுலேற்றரின் பெயர் 'கியூஎமு'. பிரெஞ்சு நாட்டவரான பப்ரீஸ் பெலார்ட் 2003 ஆம் ஆண்டு இதனை வெளியிட்டார். இன்று ஜேர்மனி உட்படப் பல நாடுகளிலுமுள்ள நிரலாளர்கள் இதனைக் கூட்டாகப் பேணி வருகின்றனர். இலவசமானது, மூல நிரலும் திறந்தது. எம்மிடம் வழிகாட்டித் தாள் ஒன்றும் இருந்தது. எவரோ எப்போதோ எழுதியது, எந்த ஆண்டென்றும் எந்தப் பதிப்பிற்கென்றும் அதிலே குறிப்பில்லை. தாளிலிருந்த கட்டளையை எழுத்துப் பிசகாது தட்டினார். எமுலேற்றர் ஒரே வரியில் மறுத்துவிட்டு நின்றுகொண்டது. மீண்டும் தட்டினார். மீண்டும் மறுப்பு. வட்டுப் பழுதோ, கணனிப் பழுதோ, எமது தவறோ என்று அன்றிரவு பதினொரு மணிவரை முயன்றோம். அந்த அம்மையார் மூன்று முறை தேநீர் தந்தார். நான்காவது முறை, "களைச்சுப் போனியள், நாளைக்குப் பாப்பம்" என்றார். நம்பிக்கை இழந்த குரல் அது.

மறுநாள் அந்த இளம்பெண், கையிலிருந்த தாளை ஒதுக்கிவிட்டு, கியூஎமுவின் அதிகாரபூர்வக் கைந்நூலையே தேடி வாசித்தார். அதிலே 'நீக்கப்பட்ட வசதிகள்' என்றொரு அத்தியாயம் உண்டு. ஒலி அட்டையைத் தெரிவதற்கான பழைய கட்டளைச் சொல், 2022 ஆம் ஆண்டில் வெளியான 7.1 ஆவது பதிப்பிலே நீக்கப்பட்டதென்றும், அதற்குப் பதிலாக எதைப் பாவிக்கவேண்டுமென்றும் அங்கே தெளிவாக எழுதியிருந்தது. எமது தாளோ அந்தப் பழைய சொல்லையே கூறிக்கொண்டிருந்தது.

நகைப்பிற்குரியது யாதெனில், மலரொன்றை வாசிப்பதற்கு ஒலி எதற்கு? அது எமக்குத் தேவையே இல்லை. அந்த ஒரு சொல்லை நீக்கியதும் விண்டோஸ் 98 இன் வான்நீலத் திரை விரிந்தது. தேவையற்ற ஒரு சொல், திகதியிடாத ஒரு தாள், ஓர் இரவு முழுவதையும் விழுங்கியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவராயின், வட்டு பழுதென்றே முடிவுசெய்து பெட்டியைக் குப்பைக்கு அனுப்பியிருப்பார்.

கைந்நூலும் மூப்படையும்

இதிலே எவரையும் குறைகூறுவதற்கில்லை. கியூஎமு ஆண்டிற்கு மூன்று பதிப்புகள் காண்கிறது. பழைய வசதியொன்றை நீக்குவதாயின், அதனை முன்கூட்டியே 'கைவிடப்படவுள்ளவை' என்ற பட்டியலில் அறிவித்து, இரண்டு பதிப்புக் காலம் பொறுத்த பின்னரே நீக்குவது அவர்களது வழமை. கைந்நூலும் நிரலோடு ஒரே களஞ்சியத்திலேயே வைக்கப்படுகின்றது. நிரலை மாற்றுபவர் கைந்நூலையும் உடன் மாற்றவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

கைந்நூலின் உருவமும் மாறியது. முன்னர் அது 'டெக்ஸ்இன்போ' என்னும் பழைய வடிவத்தில் எழுதப்பட்டிருந்தது. 2020 ஆம் ஆண்டளவில் அதனை 'ஸ்பிங்ஸ்' என்னும் புதிய ஒழுங்கிற்கு மாற்றினர். முழுக் கணனியை நடிப்பது, தனி நிரலை நடிப்பது, துணைக்கருவிகள், நிரலாளருக்கான குறிப்புகள் எனத் தனித்தனிப் பகுதிகளாக வகுத்தனர். இது வெறும் உடைமாற்றமன்று. பழைய பத்தியொன்றைப் புதிய இடத்திற்கு நகர்த்தும்போது, 'இது இன்றும் உண்மைதானா?' என்று ஒவ்வொரு வரியையும் எவரேனும் ஒருவர் கேட்கவேண்டியிருக்கிறது. ஓடிப் பாராது எழுதப்பட்ட வரி, வாசிப்பவரை நடுவழியிலே இறக்கிவிடும்.

புகலிட வாழ்வில் இதனை அறியாதவர் எம்மில் யார்? முன்பு வந்தவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதித் தந்த குறிப்பினை நம்பி, மாறிப்போன அலுவலகத்தின் பழைய முகவரிக்குச் சென்று கதவு பூட்டியிருக்கக் கண்டவர்கள் எத்தனை பேர்! குறிப்பு பொய்யன்று. அது எழுதப்பட்ட நாளில் உண்மையாக இருந்தது. சட்டம் மாறிற்று, குறிப்பு மாறவில்லை. அந்தக் கதவடியில் நிற்பவரின் நிலைமையை உணர்ந்தவருக்கு, கைந்நூலைப் புதுப்பிப்பவரின் பணி எத்தகையதென்று எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஜேர்மன் நூலகங்களின் கவலை

எமது கவலை எமக்கு மாத்திரம் உரியதன்று. ஜேர்மன் தேசிய நூலகம், இந்நாட்டில் எம்மொழியில் வெளியாகும் நூல்களையும் சஞ்சிகைகளையும் சேர்த்துப் பேணும் கடமையுடையது. லைப்சிக், பிராங்பேர்ட் ஆகிய இரு நகரங்களிலும் அது இயங்குகின்றது. தமிழிலே இங்கு அச்சாகும் வெளியீடுகளும் அக்கடமைக்குள் அடங்கும். 2006 ஆம் ஆண்டின் சட்டம் இணைய வெளியீடுகளையும் அதன் பொறுப்பில் சேர்த்தது. 1990களில் வெளியான பல்லூடக இறுவட்டுகள் அந்நூலகத்தின் தட்டுகளில் நிறையவே உள்ளன. அவை இருக்கின்றன, ஆனால் இன்றைய கணனியில் ஓடுவதில்லை. வாசிக்க முடியாத நூலை நூலகம் என்ன செய்யும்?

இதற்கு விடை காண்பதிலே பிறைபூர்க் பல்கலைக்கழகம் முன்னின்றது. பழைய கணனியை வாசகரின் மேசையில் நிறுவாமல், தொலைவிலுள்ள வழங்கியில் எமுலேற்றராக இயக்கி, அதன் திரையை மாத்திரம் வாசகருக்குக் காட்டும் ஏற்பாட்டினை அங்குள்ளோர் 2011 முதல் வளர்த்தனர். 2014 இல் தொடங்கிய திட்டமொன்றிலே, தேசிய நூலகம், பவேரிய அரச நூலகம், கார்ல்ஸ்றூக வடிவமைப்பு உயர்கல்லூரி ஆகியன பிறைபூர்க்குடன் இணைந்து, நூலக வாசிப்பறைக்கு ஏற்றவாறு இதனை அமைத்தன. தனிமனிதர் பங்கும் சிறியதன்று. பழைய மக்கின்ரொஷ் கணனிகளை நடிக்கும் 'பசிலிஸ்க் 2' என்னும் எமுலேற்றரை எழுதியவர் கிறிஸ்டியான் பௌவர் என்னும் ஜேர்மனியரே.

இவர்கள் அனைவரும் கண்ட உண்மையொன்றுண்டு. கோப்பினைச் சேமிப்பது பாதி வேலை. அக்கோப்பு எந்தக் கணனியில், எந்த இயங்குதளத்தில், எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவோடு செய்யப்பட்டதென்ற குறிப்பினைச் சேமிப்பதே மறுபாதி.

'அம்மா' என்ற சொல் படும் பாடு

தமிழ்க் கோப்பிற்கு அந்த மறுபாதி உயிர் போன்றது. ஏனெனில் 1990களில் நாம் தமிழைத் தமிழாகக் கணனியில் சேமிக்கவில்லை.

அக்காலத்தில் புலம்பெயர் பத்திரிகைகளும் மலர்களும் பெருமளவில் 'பாமினி' போன்ற எழுத்துருக்களிலேயே தயாராயின. அவற்றில், ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் எழுத்தின் உருவம் வரையப்பட்டிருக்கும். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால், கணனியின் நினைவில் பதிவது 'எம்', 'கே', அரைப்புள்ளி, மீண்டும் 'கே', 'எச்' என்னும் ஐந்து குறிகளே. எழுத்துரு இருந்தால் அது அம்மா. எழுத்துரு இல்லாவிடின் அது எவருக்கும் விளங்காத ஆங்கிலக் கிறுக்கல். 1991 இல் வெளிவந்த யூனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்த போதிலும், அது எமது மேசைகளை வந்தடையப் பல்லாண்டுகள் சென்றன. அதற்கிடைப்பட்ட காலத்தில் எழுதியவை யாவும் எழுத்துருவின் தயவிலேயே வாழ்கின்றன.

பாமினியை யூனிகோட்டிற்கு மாற்றித் தரும் கருவிகள் இன்று உண்டு. ஆனால் மாற்றுவதற்கு முன், அது பாமினிதானா என்று தெரியவேண்டும். ஒவ்வொரு எழுத்துருவிலும் எழுத்துகளின் இடம் வெவ்வேறு. தவறான எழுத்துருவாக எண்ணி மாற்றினால், தமிழ் போலத் தோன்றும் குழப்பமே மிஞ்சும்.

எமக்கும் அதுவே நேர்ந்தது. பேஜ்மேக்கரில் முதலாவது மலர் திறந்தபோது, திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடந்தன. பக்கவமைப்பு இருந்தது, படங்களின் சட்டம் இருந்தது, தமிழ் இல்லை. பாமினியை இட்டுப் பார்த்தோம். தலைப்புகள் தமிழாயின. கட்டுரைகளோ தாறுமாறாக நின்றன. கட்டுரைகளுக்கு வேறேதோ எழுத்துரு பாவிக்கப்பட்டிருந்தது. எது அது? இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக முயன்றோம். ஒன்றும் பொருந்தவில்லை.

அப்போதுதான் 'எழுத்து' என்று துண்டு ஒட்டியிருந்த வட்டின் நினைவு வந்தது. எழுத்துப் பயிற்சிப் பாடமாக இருக்குமென எண்ணி அதனைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தோம். அதைத் திறந்தால், உள்ளே எழுத்துருக் கோப்புகள் மூன்று. கூடவே சிறிய குறிப்பொன்று, ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டப்பட்டிருந்தது. தலைப்பிற்கு எந்த எழுத்துரு, உள்ளடக்கத்திற்கு எது, பேஜ்மேக்கரின் எந்தப் பதிப்பு, எந்த விசையில் எந்த எழுத்து என்று வரிசையாக எழுதி, 'பிறகு வாறவைக்கு உதவும்' என்று முடித்திருந்தார் அந்த ஆசிரியர். திகதியும் இட்டிருந்தார்.

உரிய எழுத்துருவை நிறுவியதும் கட்டுரைகள் கண்விழித்தன. 1994 ஆம் ஆண்டு மலரின் நடுப்பக்கத்திலே, பத்து வயதுச் சிறுவனொருவன் 'எங்கள் வீட்டுக் கிணறு' என்று எழுதியிருந்தான். கிணற்றடியில் கமுகு நின்றதாம். தண்ணீர் அள்ளும் கயிறு அறுந்ததாம். அங்கே இப்போது யார் தண்ணீர் அள்ளுகிறார்கள் என்று தனக்குத் தெரியாதாம். அச்சிறுவன் இன்று இரண்டு பிள்ளைகளின் தந்தை. அந்தப் பக்கத்தை அச்சிட்டு அவரிடம் கொடுத்தபோது, தாம் அதை எழுதியதே நினைவில்லை என்றார். வாசித்து முடித்த பின் வெகுநேரம் பேசவில்லை.

அம்மையார் திரையருகே வந்து, கணவர் அமைத்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாத்தையும் எழுதி எழுதித்தான் வைப்பார். நான் பேசுவன், ஏன் இவ்வளவு தாள் எண்டு" என்றார்.

நாம் செய்யவேண்டியவை

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் மீளப் பெறமுடியாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பின் வடு எமது தலைமுறையினரின் நெஞ்சை விட்டு அகலாது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகள், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காத்து வருவது ஆறுதலுக்குரியது. ஆனால் புலம்பெயர்ந்த மண்ணிலே எமது கைகளால் எழுதியவை, தீயுமின்றிப் படையுமின்றி, அலுமாரித் தட்டுகளில் தாமாகவே அழிந்துகொண்டிருக்கின்றன. இதற்கு நாம் எவரையும் குற்றஞ்சாட்ட முடியாது.

ஆகவே சங்கங்களையும் பாடசாலைகளையும் கோவில் நிர்வாகங்களையும் நாம் வேண்டிக்கொள்வது இதுவே. பழைய வட்டுகளை எறியாதீர்கள். அவற்றில் எழுதத் துணியாதீர்கள், எழுத்துத் தடைச் சாளரத்தைத் திறந்துவிடுங்கள். முதலில் பிரதிமை எடுப்பியுங்கள். பிரதிமையை இரண்டு இடங்களில் வையுங்கள். பக்கம் அமைத்தவர் இன்னும் எம்மிடையே இருப்பின், இன்றே அவரிடம் கேட்டு, கணனி, மென்பொருள், எழுத்துரு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அச்சுப் பிரதி இருப்பின், நூலகமொன்றிற்கு வழங்குங்கள்.

கணனித் துறையிலுள்ள எமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய நிரல் எழுதுவதே பெருமையென்று எண்ணவேண்டாம். திறந்த மூல நிரல்களின் கைந்நூலிலே பிழையான வரியொன்றைக் கண்டால் திருத்தி அனுப்பலாம். அதற்குப் பட்டமோ வதிவிட உரிமையோ கேட்பாரில்லை. ஓடிப்பார்த்து உண்மையென்று கண்டதை, தெளிவாக எழுதும் பொறுமை மாத்திரம் வேண்டும். டொச்சிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுத வல்ல பிள்ளைகள் எம்மிடம் இருக்கின்றனர்.

அந்த இளம்பெண், எம்மை ஏமாற்றிய தாளைக் கிழித்தெறியவில்லை. அதன் பிழைகளைத் திருத்தி, தமிழிலும் டொச்சிலும் புதிதாக எழுதினார். எமுலேற்றரின் பதிப்பு எண்ணைத் தலைப்பிலே இட்டார். ஒவ்வொரு கட்டளையும் எதற்கென்று பக்கத்திலே விளக்கினார். கட்டாயம் வேண்டியது எது, வேண்டாவிடின் விடத்தக்கது எது என்று பிரித்துக் காட்டினார். கடைசி வரியிலே, இதனைச் செய்து பார்த்துச் சரியெனக் கண்ட திகதியைக் குறித்து, அடுத்த முறை பார்ப்பவர் தமது திகதியை எழுதுவதற்கு அதன் கீழே வெற்றிடம் விட்டிருக்கிறார்.

வழுவுற்ற ஆறு வட்டுகள் இன்னும் திறக்கப்படவில்லை. அவற்றுள் ஒன்றின் துண்டிலே 'பெற்றோர் விபரம்' என்று எழுதியிருக்கிறது. காந்தத் தடத்தை நேரடியாக வாசிக்கும் சிறப்புக் கருவியுடன் மீண்டும் முயலவிருக்கிறோம். பெட்டி அதுவரை அந்த அம்மையாரின் அலுமாரியிலேயே இருக்கிறது. இப்போது அதன் மூடியின் உட்புறத்தில், திகதியிட்ட தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது.